முக நரம்பு மண்டையில் ஏறவே மாட்டேங்குது, உதவுங்க!

வணக்கம் மக்களே. சென்னையில் பல் மருத்துவம் முதல் வருஷம் படிக்கிறேன். மண்டை ஓட்டில் 22 எலும்பு, கழுத்தில் 7 முள்ளெலும்பு, இதெல்லாம் ஒருவழியா மனப்பாடம். மாட்டிக்கிட்டது 7-வது மூளை நரம்பான இந்த முக நரம்புகிட்டதான். காதுக்கு முன்னாடி இருக்கிற பரோட்டிட் சுரப்பிக்குள்ள புகுந்து 5 கிளையா பிரியுது. ஆனா அந்தச் சுரப்பியை உமிழ்நீர் சுரக்க வைக்கிறது 9-வது நரம்பாம்! சொந்தக்காரங்க வீட்டுக்குள்ள போயும் கை நனைக்காம வர்ற ஆளு மாதிரி.

நேத்து பீச் ரயில்ல புருவத்தைத் தூக்கி, கன்னத்தை உப்பி ஒவ்வொரு கிளையும் அசைக்கிற தசையை அசைச்சுப் பார்த்தேன். எதிர்ல இருந்த அக்கா எழுந்து வேற சீட்டுக்குப் போயிட்டாங்க.

திங்கட்கிழமை வைவா (வாய்மொழித் தேர்வு). கிளைகளை வரைய சுலபமான வழி இருந்தா சொல்லுங்க, சீனியர்ஸ். பிளாஸ்டிக் மண்டை ஓடு ரெண்டு நாள் இரவல் கிடைச்சா, தாம்பரம் பக்கம்னா நானே வந்து வாங்கிக்கிறேன்.