ஆய்வு மாணவர்களுக்குச் சமூக ஊடகப் பயிற்சி: எதைச் சொல்லிக்கொடுப்பது?

தாமிரபரணி வாத்தியார்:

அனைவருக்கும் வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். முதுகலை மாணவர்களுக்கும் பிஎச்டி ஸ்காலர்களுக்கும் 'சமூக ஊடகத் திறன்கள்' என்று ஒருநாள் பயிலரங்கு நடத்தச் சொல்லிவிட்டார் முதல்வர். பேனர்கூட அடித்தாயிற்று, உள்ளே என்ன வைப்பது என்றுதான் தெரியவில்லை. ரீல்ஸ் போடுவதில் என் மாணவர்கள் எனக்கே பாடம் எடுப்பார்கள்.

லிங்க்ட்இன், எக்ஸ், ஆய்வாளர்கள் கட்டுரை பகிரும் ரிசர்ச்கேட், யூடியூப் என்று ஆளுக்கொரு மணி நேரம் ஒதுக்கி அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். சரிவருமா? பதிவு போட்டால் சைட்டேஷன் (நம் கட்டுரையை மற்றவர்கள் மேற்கோள் காட்டும் எண்ணிக்கை) ஏறும் என்று சொல்லி ஆசை காட்டலாமா?

பயோடெக் பாலா:

எங்கள் கல்லூரியிலும் இப்படி ஒன்று நடந்தது சார். காலையில் எல்லோரும் கணக்குத் தொடங்கினோம், மாலையில் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தச் சான்றிதழைப் படமெடுத்துப் போட்டதுதான் பாதிப் பேருடைய முதல் பதிவும் கடைசிப் பதிவும்.

நூலகத்து மீனா:

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறேன். ஸ்காலர்களுக்கு இந்த வகுப்பை எடுப்பது சில வருடங்களாக என் தலையில்தான் விழுகிறது. அந்த உரிமையில் சொல்கிறேன் சார், அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள். தளவாரியாகப் பாடம் நடத்தினால் ஒரே வருடத்தில் ஊசிப்போகும். விஞ்ஞானிகள் எல்லாம் ட்விட்டரில்தான் என்று எல்லா வகுப்பிலும் சொல்லிக்கொண்டிருந்த காலம் உண்டு. 2022இல் அது கைமாறியது, 2023இல் பெயரும் எக்ஸ் என்று மாறியது. பலர் மாஸ்டடானுக்கும் ப்ளூஸ்கைக்கும் மூட்டை கட்டிவிட்டார்கள்.

சைட்டேஷன் ஆசையும் வேண்டாம். சில விஞ்ஞானிகள் இதைச் சோதனையாகவே செய்து பார்த்து, 2024இல் பிளாஸ் ஒன் இதழில் எழுதினார்கள். ஒரே இதழில் வந்த கட்டுரைகளில் சிலவற்றை மட்டும் ட்வீட் செய்துவிட்டு, மற்றவற்றோடு மூன்று வருடம் ஒப்பிட்டார்கள். தரவிறக்கம் கூடியது. சைட்டேஷனில் நம்பிச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. படிக்கிறவர்கள் கூடுவார்கள் என்று மட்டும் சொல்லுங்கள், அது பொய்யாகாது.

முதல் வேலை பெயர். நம்மூர் இனிஷியல் படுத்தும் பாடு உங்களுக்கே தெரியும். ஒரே பெண் ஒரு கட்டுரையில் எம். செல்வி, அடுத்ததில் செல்வி எம்., மூன்றாவதில் அப்பா பெயரை நீட்டி செல்வி முருகேசன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலருக்கு இது மூன்று ஆள். இன்னொரு பக்கம், ஊரில் இருக்கிற எஸ். குமார்கள் எல்லோருடைய கட்டுரைகளையும் ஒரே குமார் கணக்கில் சேர்த்துவிடும். ஆய்வாளருக்கு என்றே தரும் அடையாள எண் ஆர்கிட்; 16 இலக்கம், இலவசம், சில நிமிடத்தில் கிடைத்துவிடும். அதை எடுக்க வைத்துவிட்டு, கூகுள் ஸ்காலரில் தங்கள் பக்கத்தில் சேர்ந்துவிட்ட அடுத்தவர் கட்டுரைகளைக் களையெடுக்கச் சொல்லுங்கள். பத்திரிகைக்காரரோ வெளிநாட்டுப் பேராசிரியரோ தேடினால் முதலில் கண்ணில் படப்போவது இந்தப் பக்கம்தான்.

அடுத்து எழுத்து. பாதி நாளை இதற்கே விடுங்கள். எங்களிடம் ஒரு ஸ்காலர் முருங்கை விதைப் பொடியால் தண்ணீரைத் தெளிய வைப்பது பற்றி ஆராய்ந்தார். அவர் போட்டிருந்த பதிவு இதுதான்: 'ஹேப்பி டு ஷேர்' என்று தொடக்கம், இதழின் பெயர், ஸ்கோபஸ், க்யூ2 என்று இதழின் தரப்பட்டியல் விவரம், வழிகாட்டிக்கு நன்றி, கைகூப்பிய பொம்மை நான்கு. விதை எங்கே, தண்ணீர் எங்கே? வகுப்பிலேயே உட்கார்ந்து மாற்றி எழுதினோம். இப்படி வந்தது:

'முருங்கை விதையில் இருக்கும் ஒரு புரதத்துக்கு நேர்மின்னூட்டம். கலங்கல் தண்ணீரில் மிதக்கும் களிமண்ணுக்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும். ஆனால் தெளிந்த தண்ணீரை எடுத்து வைத்தால், விதையின் மிச்சம் கெட்டு வாடை அடிக்கிறது. அந்த வாடைக்கு என்ன வழி என்று பார்த்தோம்.'

இதழின் பெயரும் இணைப்பும் கடைசி வரிக்குப் போயின. அந்த 'ஆனால்' வரியைப் போட அவருக்கு மனசே வரவில்லை, ஆராய்ச்சியில் குறை இருப்பதாக நினைப்பார்களாம். கீழே வந்த கேள்வியெல்லாம் அந்த வரியைப் பிடித்துத்தான் வந்தது.

மதியத்துக்கு மேல் தூங்கி வழிவார்கள். அப்போது 2018 கதையை எடுங்கள். பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) ஆட்கள் இருவர், இதழில் வரும் முன்பே கட்டுரைகளைப் போட்டுவைக்கும் ஆர்க்சைவ் தளத்தில் ஒரு கட்டுரை போட்டார்கள்: தங்கமும் வெள்ளியும் சேர்ந்த நுண்துகள் 236 கெல்வினிலேயே (சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ்) மீக்கடத்தி ஆகிறதாம், அதாவது மின்தடையே இல்லாமல் மின்சாரம் பாயுமாம். உண்மையானால் நோபல் பரிசு சமாசாரம். எம்ஐடியில் இருந்த பிரையன் ஸ்கின்னர் அதிலிருந்த ஒரு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். வெவ்வேறு காந்தப்புலத்தில் எடுத்த இரண்டு அளவீடுகள், பச்சைப் புள்ளிகளும் நீலப் புள்ளிகளும். அளவீட்டில் வரும் சின்ன நடுக்கம் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிதானே இருக்க வேண்டும்? இங்கே இரண்டிலும் அச்சு அசலாக ஒரே ஏற்ற இறக்கம். மோசடி என்று கூவவில்லை அவர். படத்தைப் போட்டார், இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன என்றார், அதோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த வரைபடத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள், எங்கே கோளாறு என்று அவர்களே தேடட்டும். பிறகு ஸ்கின்னர் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன எழுதுவீர்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் முதலில் வருவது கேலிதான். அடித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள்.

களப்பணி கயல்:

மீனா அக்கா சொன்னதோடு ஒன்று. பெண் ஸ்காலர்களிடம் சொந்தப் படம் போட்டே ஆக வேண்டும் என்று யாரும் வற்புறுத்தாதீர்கள். எங்கள் பயிலரங்கில் 'முகம் தெரிந்தால்தான் நம்பிக்கை வரும்' என்றார் வந்தவர். போட்டேன். ஆராய்ச்சியைப் பற்றி ஒரு கேள்வி வரவில்லை, 'ஹாய் மேடம்' மட்டும் வரிசை கட்டியது. இப்போது என் முகப்புப் படம் நான் ஆராயும் தட்டான்பூச்சி. யாரை எப்படி முடக்குவது, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைப்பது, யாரிடம் புகார் செய்வது என்பதையும் வகுப்பில் வையுங்கள். களத்திலிருந்து போடும் படத்தில் இருப்பிடத்தைக் காட்டாதிருக்கவும் சொல்லிக்கொடுங்கள். அரிய உயிரினம் என்றால் அதுக்கும் ஆபத்து, தனியாகப் போயிருந்தால் நமக்கும் ஆபத்து.

தாமிரபரணி வாத்தியார்:

இருவருக்கும் ரொம்ப நன்றி. அட்டவணை கிழிக்கப்பட்டது! இன்னும் இரண்டு கேள்விகள். கட்டுரையின் பிடிஎஃப்பை அப்படியே ரிசர்ச்கேட்டில் ஏற்றச் சொல்லலாமா? அப்புறம், தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

நூலகத்து மீனா:

நீங்கள் வேதியியல் என்பதால் அழுத்திச் சொல்கிறேன் சார். இதழ்க்காரர்களின் பிடிஎஃப்கள் அங்கே ஏறிய விவகாரத்தில் ரிசர்ச்கேட் மீது 2017இல் ஜெர்மனியில் வழக்குப் போட்டவர்கள், இதழ்கள் நடத்தும் எல்செவியரும் அமெரிக்க வேதியியல் கழகமும். 2023இல்தான் சமரசம் ஆனது. ஓப்பன் ஆக்சஸ் (யாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியான) கட்டுரை என்றால் பிரச்சினை இல்லை. மற்றதற்கு, இதழ்க்காரர் வடிவமைத்த பிரதியை ஏற்ற வேண்டாம். இதழ் ஏற்றுக்கொண்ட, வடிவமைப்புக்கு முந்தைய உங்கள் பிரதியை எங்கே, எப்போது வைக்கலாம் என்று இதழுக்கு இதழ் விதி உண்டு, ஓப்பன் பாலிசி ஃபைண்டர் (முன்பு ஷெர்பா ரோமியோ) தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை (பேட்டன்ட்) கேட்கும் எண்ணமிருந்தால், விண்ணப்பம் போடும்வரை ஆய்வகப் படம்கூட வெளியே போகக் கூடாது.

மொழியை, படிக்கப் போகிறவரை வைத்து முடிவு செய்யுங்கள். புரதத்தின் அமைப்பைப் பற்றிப் பேசினால் ஆங்கிலம். குளத்துத் தண்ணீரைத் தெளிய வைத்துக் குடிக்கிறவருக்கு என்றால் தமிழ். ஒரே பதிவில் இரண்டையும் கலக்காமல் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள்.

வரும்போது ஆளுக்கொரு கட்டுரையின் அச்சுப்பிரதி கொண்டுவரச் சொல்லுங்கள், முதுகலை மாணவர்கள் ப்ராஜெக்ட் சுருக்கத்தைக் கொண்டுவரட்டும். கல்லூரி இணைப்பில் இந்தத் தளங்கள் தடுக்கப்பட்டிருக்கின்றனவா என்று முந்தின நாளே கம்ப்யூட்டர் லேபில் திறந்து பார்த்துவிடுங்கள் சார்.