புதுப்பிப்பு: வக்கீல் இல்லாமல் குடும்ப நீதிமன்றத்தில் முதல் நாள்

ஜீவனாம்ச வழக்குக்கு வக்கீல் இல்லாமல் போகலாமா என்று கேட்டிருந்தேன். நாகர்கோவிலில் முதல் அமர்வு முடிந்தது. தாராளமாகப் போகலாம். 1984 குடும்ப நீதிமன்றச் சட்டம் 13ஆம் பிரிவின்படி, அங்கே வக்கீல் வைப்பதை உரிமையாகக் கேட்க முடியாது.

அன்று சாட்சி விசாரணை இல்லை. சமரசத்துக்கு வாய்ப்புண்டா என்று கேட்டு, நீதிபதி எங்களை நீதிமன்றத்தின் குடும்ப ஆலோசகரிடம் (கவுன்சிலர்) அனுப்பினார். அவர் தனித்தனியாகப் பேசினார், அப்புறம் சேர்த்து உட்கார வைத்தார். மகளின் பள்ளிக் கட்டணத்தைச் சொல்லும்போது எனக்குக் குரல் உடைந்தது. தண்ணீர் கொடுத்துக் காத்திருந்தார். நீங்களும் இப்படிச் சமரசப் பேச்சுக்குப் போனால், மனசுக்குச் சம்மதமில்லாத எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி வருமானம், சொத்து பற்றிய பிரமாணப் பத்திரத்தை இரு தரப்பும் தாக்கல் செய்ய வேண்டும். பாஸ்புக், ரசீது நகல்களை இப்போதே எடுத்து வையுங்கள்.

தக்கலை அக்கா, இலவச சட்ட உதவி கிடைக்குமா என்று நீங்கள் கேட்டதற்கு: பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள்.