பாபுவின் கடிதம் யார் கையில் கிடந்தது?

சூரமங்கலத்தான்:
‘சைன்ஃபெல்ட்’ என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரின் நண்பர்கள் ஜெர்ரி, எலெய்ன், ஜார்ஜ், கிரேமர் நால்வரும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை, அதில் வரும் பாகிஸ்தானியர் பாபு பட் நாடு கடத்தப்பட்டதற்குக் கடிதத்தை மாற்றிப் போட்ட தபால்காரரே காரணம் என்று ஏற்காட்டு நண்பர் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை. நியூயார்க்கில் உணவகம் வைத்துப் பல நாட்டு உணவும் விற்ற பாபுவை, பாகிஸ்தான் உணவு மட்டும் போடச் சொல்லிக் கடையை மூட வைத்தவர் ஜெர்ரி. 1993-இல் வந்த அத்தியாயத்தில், பாபுவின் விசா புதுப்பிப்புக் கடிதம் ஜெர்ரியின் தபால்களோடு கலந்துவிட, ஜெர்ரி வெளியூரில் இருந்தபோது அவற்றை எடுத்து வைத்திருந்த எலெய்னிடம் அது கிடந்தது. கிடந்த இடம் அவர்கள் கை.

ஏற்காடு காப்பிக்காரர்:
மாற்றிப் போட்டவர் யார் ஐயா? எங்கள் தோட்டத்துக்கு வரவேண்டிய கடிதம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போவது வழக்கம். நாங்கள் அவர்களைக் குறை சொல்வதில்லை. பாபுவுக்கு வேலையும், தன் கட்டடத்திலேயே வீடும் பார்த்துக் கொடுத்தவர் ஜெர்ரி என்பதை ஏன் மறைக்கிறீர்கள்?

சூரமங்கலத்தான்:
பக்கத்துத் தோட்டக்காரர் அன்று மாலையே ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறார், அதனால் நீங்கள் குறை சொல்வதில்லை. நாங்கள் அம்மாபேட்டையில் குடியிருந்தபோது எனக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் எதிர்வீட்டில் விழுந்து, தறிக்குப் பக்கத்தில் நூல் கட்டின் மேல் பன்னிரண்டு நாள் கிடந்தது. ‘மறந்துட்டோம் தம்பி’ என்று அவர்கள் நீட்டியபோது தேர்வு முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. உறையின் மேல் காப்பி டம்ளர் வைத்த வட்டம் காய்ந்திருந்தது. அந்த வட்டத்தைத் தபால்காரர் போடவில்லை.

அஸ்தம்பட்டி வாசகி:
கடிதத்தை விடுங்கள், ஜார்ஜுக்கு நிச்சயமாகியிருந்த சூசனைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? விலை குறைவு என்று ஜார்ஜ் தேர்ந்தெடுத்த திருமண அழைப்பிதழ் உறைகளை நாவால் நனைத்து ஒட்டியே அந்தப் பெண் 1996-இல் இறந்தாள். செய்தி கேட்டபின் நால்வரும் காப்பி குடிக்கக் கிளம்புகிறார்கள்.

ஏற்காடு காப்பிக்காரர்:
பசையில் நஞ்சு இருப்பது ஜார்ஜுக்கு எப்படித் தெரியும் அம்மா? போன மாதம் வேறு தொடரைப் பேசியபோதும் இருவரும் சேர்ந்துகொண்டு இப்படித்தான் என்னை மடக்கப் பார்த்தீர்கள். நான் மறக்கவில்லை.

சூரமங்கலத்தான்:
போன மாதக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். 1998-இல் வந்த கடைசி அத்தியாயத்தில், நால்வர் மீதான வழக்கில் பாபு பாகிஸ்தானிலிருந்து வந்து சாட்சிக் கூண்டில் நிற்கிறார். ரொட்டியை ஜெர்ரியிடம் பறிகொடுத்த கிழவியும் நிற்கிறாள். நால்வருக்கும் ஓராண்டுச் சிறை கிடைத்தது. எனக்கு அது போதவில்லை.

ஏற்காடு காப்பிக்காரர்:
ஒருவரின் கார் பறிபோவதை உதவாமல் வேடிக்கை பார்த்ததற்குத்தான் அந்தத் தண்டனை, கடிதத்துக்காக அல்ல. தொடரைச் சரியாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

சூரமங்கலத்தான்:
மூன்று முறை பார்த்துவிட்டேன். எலெய்ன் அந்தக் கடிதத்தை ஏன் உடனே கொடுக்கவில்லை என்ற ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஏற்காடு காப்பிக்காரர்:
தபால்காரர் ஏன் மாற்றிப் போட்டார் என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள்.