வீட்டுக்கு அடியில் தோட்டச் சாமான்களை வைக்கலாமா?

வேலியோரம்:
எங்கள் வீடு தூண்கள்மேல் நிற்கிறது. நிலம் சரிவு என்பதால் அடியில் முன்பக்கம் நாலடி உயரம் இருக்கிறது, பின்னால் போகப்போக ஒன்றரை அடியாகக் குறைந்துவிடும். கீழே வெறும் மண்தான். மண்வெட்டி, கடப்பாரை, சருகு வாரி, களைக்கொத்து, கவாத்துக் கத்தரி, தண்ணீர் ஓஸ், மருந்து தெளிப்பான், ரெண்டு மூட்டை உரம், ஒரு பெட்ரோல் புல்வெட்டி எல்லாம் இப்போது வராந்தாவில் கிடக்கின்றன, தினமும் வீட்டில் திட்டு வாங்குகிறேன். மூன்று பக்கமும் பலகை அடித்து மூடி, முன்னால் ஒரு கதவு போட்டு, உள்ளே மரத்தட்டு அடுக்கலாம் என்று நினைக்கிறேன். மழைத் தண்ணீர் உள்ளே வருவதில்லை, ஆனால் மண் எப்போதும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?

துருப்பிடித்த அரிவாள்:
அந்தக் "கொஞ்சம் சில்"தான் விஷயமே. மழை உள்ளே வராவிட்டாலும் மண்ணின் ஈரம் ஆவியாக ஏறிக்கொண்டேதான் இருக்கும். மூன்று பக்கமும் அடைத்தால் அது போக வழியில்லாமல் உள்ளேயே தங்கி இரும்பைத் துருவாக்கும், மரத்தில் பூஞ்சை பிடிக்க வைக்கும். உங்கள் வீட்டுத் தளம் மரம் என்றால் வீட்டுக்கே கேடு. அதனால் பலகையால் மூட வேண்டாம். இடைவெளி விட்டுச் சட்டம் அடியுங்கள், எலி வராமல் இருக்க உள்பக்கம் 6 மில்லிமீட்டர் கண் உள்ள கம்பிவலை போடுங்கள். காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்து தரை. கூரான கல்லைப் பொறுக்கிவிட்டு மண்மேல் கனமான பாலிதீன் விரிப்பு போடுங்கள், 150 மைக்ரானுக்குக் குறையக் கூடாது. இரண்டு விரிப்பு சேரும் இடத்தில் ஓர் அடியாவது ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். ஓரங்களில் செங்கல் வைத்தால் போதும்.

மரத்தட்டு என்கிறீர்களே, அதன் கால் மண்ணைத் தொடவே கூடாது. தூணை ஒட்டியும் எதையும் சாய்க்காதீர்கள், கரையான் மண்குழாய் கட்டி மேலே ஏறினால் உங்கள் கண்ணில் பட வேண்டும் இல்லையா? முடிந்தால் இரும்பு ஆங்கிள் தட்டே வாங்கிவிடுங்கள்.

பழைய ஸ்பானர்:
பட்டியலில் புல்வெட்டியைப் பார்த்ததும்தான் எழுத வந்தேன். தயவுசெய்து அதை வீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போய்விடாது, தாழ்வான இடம் பார்த்துத் தேங்கும். வீட்டுக்கு அடியைவிடத் தோதான இடம் அதற்கு வேறு எது? ஒரு சுவிட்ச் பொறி போதும். டேங்கைக் காலி செய்துவிட்டேன் என்று சொல்வார்கள், காலி டேங்கிலும் ஆவி இருக்கும். மேலே நீங்கள் தூங்குகிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். வீட்டைவிட்டுத் தள்ளி, காற்றோட்டமான ஒரு சின்னக் கொட்டகை போட்டு அதில் வையுங்கள். பூச்சிமருந்தும் அங்கேதான், ஆனால் பூட்டிய பெட்டியில், பெட்ரோலோடு சேர்க்காமல்.

உர மூட்டையும் சிக்கல்தான். யூரியா ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும், உரத்தூள் பட்ட இரும்பு சீக்கிரம் அரித்துப்போகும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டிரம்மில் போட்டுக் கருவிகளிடமிருந்து தள்ளி வையுங்கள்.

இன்னொன்று, பிடிகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசுபவராக இருந்தால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

வேலியோரம்:
சரி, புல்வெட்டி வெளியே. இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. பின்பக்கம் ஒன்றரை அடி இடத்தை எப்படிப் பயன்படுத்துவது? அங்கே மட்டும் ஓர் அடி ஆழம் தோண்டிவிடலாமா?

கொத்தனார் மகன்:
தோண்டவே தோண்டாதீர்கள். தூணின் அஸ்திவாரத்தைச் சுற்றியுள்ள மண்ணும் சேர்ந்துதான் அதைத் தாங்குகிறது. எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று தெரியாமல் பக்கத்து மண்ணை எடுப்பது விளையாட்டில்லை. அதற்குப் பதில் ஒரு பலகைக்கு நாலு சக்கரம் மாட்டி, தரையில் இரண்டு சட்டம் தண்டவாளமாகப் போட்டு, முன்னால் ஒரு கயிறு கட்டுங்கள். இழுத்தால் வெளியே வரும், நீங்கள் தவழ்ந்து போக வேண்டாம். எப்போதாவது தேவைப்படும் தொட்டி, வலை, கயிறு எல்லாம் அதில். தினமும் எடுக்கும் மண்வெட்டியும் களைக்கொத்தும் நாலடிப் பக்கம்.

நீளப் பிடி உள்ளவற்றை நிறுத்த உயரம் போதாது, படுக்கத்தான் போட வேண்டும். நாலங்குல பிவிசி குழாயை விட்டத்துக்கு அடியில் கிடையாகத் தொங்கவிட்டுப் பிடியை அதில் செருகலாம், தலை வெளியே நிற்கும். மர விட்டம் என்றால் கொக்கி திருகுங்கள், வெட்டு போடாதீர்கள். கான்கிரீட் என்றால் துளைக்காமல் சுற்றிப் பட்டை மாட்டுங்கள். அப்புறம் கையை உள்ளே விடும்முன் டார்ச் அடித்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

துருப்பிடித்த அரிவாள்:
குழாய் யோசனை நல்லதுதான், ஆனால் அடிப்பக்கம் சில ஓட்டை போடுங்கள், இல்லாவிட்டால் ஈரப்பிடி உள்ளேயே உளுத்துப்போகும். மண்ணைத் தட்டி, துடைத்து, இரும்பில் லேசாக எண்ணெய் தடவிய பிறகுதான் உள்ளே போக வேண்டும். ஓஸிலும் தெளிப்பானிலும் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

வேலியோரம்:
விரிப்பு கருப்பு வாங்குவதா வெள்ளையா?

கொத்தனார் மகன்:
ஈரத்துக்கு எதுவும் ஒன்றுதான். வெள்ளை என்றால் பூச்சிப்பொட்டு ஊர்ந்தால் சட்டென்று கண்ணில் படும், நான் வெள்ளைதான் போடுவேன்.