கேஜன் கம்போவை மாவுச்சத்து குறைத்துச் சமைக்க வழி உண்டா?

கேள்வி: காவேரிப்பட்டணம் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகள் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பேட்டன் ரூஜ் நகரில் மேற்படிப்பு படிக்கிறாள். நானும் என் கணவரும் அங்கே சென்றிருந்தபோது, அவளுடைய தோழியின் வீட்டில் கோழிக்கறியும் புகையூட்டிய சாசேஜும் சேர்த்த, அங்குள்ள கேஜன் மக்களின் கம்போ என்ற குழம்பைப் பரிமாறினார்கள். நம் ஊர்க் கறிக்குழம்பைவிடக் கருமையாக, மிளகாய்க் காரம் அடங்கி, வறுத்த மாவின் மணம் மேலோங்கியிருந்த அந்தக் குழம்பை என் கணவர் இன்றளவும் நினைவுகூர்கிறார். இப்போது அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்து, சோற்றையும் மாவுப் பண்டங்களையும் வெகுவாகக் குறைக்கும்படி மருத்துவர் கூறிவிட்டார்.

மகள் விடுமுறைக்கு வரும்போது இந்த உணவை வீட்டில் சமைக்க விரும்புகிறேன். மைதாவுக்குப் பதிலாகக் கேழ்வரகு மாவை வறுத்துச் சேர்க்கலாமா? அரிசிச் சோற்றுக்குப் பதிலாகச் சாமைச் சோறு வைத்தால் போதுமா? செலரியும் ஆண்டூயி சாசேஜும் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை. அவற்றுக்கு மாற்று என்ன? பெயரளவுக்கு கம்போ என்று சொல்லிக்கொள்ளும் குழம்பாக அது ஆகிவிடக் கூடாது என்பதே என் கவலை.

பதில் 1: தருமபுரி, முன்னாள் கப்பல் சமையற்காரர்

வணக்கம் அம்மா. முதலில் கேழ்வரகையும் சாமையையும் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் மாவட்டங்களில் களி தின்று வளர்ந்தவர்களுக்குக் கேழ்வரகின் மேல் உள்ள நம்பிக்கை நியாயமானது. நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் அதில் மிகுதி. ஆனால் நூறு கிராம் கேழ்வரகு மாவில் ஏறத்தாழ 67 கிராம் மாவுச்சத்து உண்டு. சாமையும் கிட்டத்தட்ட அதே அளவுதான். அரிசியின் 78 கிராமோடு ஒப்பிட்டால் குறைவு என்றாலும், மாவுச்சத்து குறைந்த உணவு என்று அவற்றைச் சொல்ல முடியாது. எனவே, அந்த இரண்டு மாற்றங்களாலும் உங்கள் நோக்கம் நிறைவேறாது.

கம்போவில் மாவுச்சத்து எங்கிருந்து வருகிறது என்று கணக்கிட்டுப் பாருங்கள். வழக்கமாக எட்டுப் பேருக்கான ஒரு பானைக்கு ஒரு கோப்பை மைதாவும் ஒரு கோப்பை எண்ணெயும் சேர்த்து வறுப்பார்கள். அந்த மைதாவில் உள்ள மாவுச்சத்து சுமார் 95 கிராம். ஆளுக்கு 12 கிராம் அளவில் வரும். ஆனால் குழம்போடு வைக்கும் ஒரு கோப்பைச் சோற்றில் மட்டுமே 45 கிராம் இருக்கிறது. ஆகவே கைவிட வேண்டியது சோற்றைத்தான். வறுத்த மாவை அடியோடு நீக்கிவிட்டால் உங்கள் கணவர் நினைவில் வைத்திருக்கும் அந்தக் கருமையும் மணமும் போய்விடும். மாவைக் குறையுங்கள், நீக்காதீர்கள் என்பதே என் கருத்து.

ஆறு பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி மைதா போதும். அதில் மாவுச்சத்து 12 கிராம், ஆளுக்கு 2 கிராம்தான். அடி கனமான இரும்பு வாணலியில் மூன்று மேசைக்கரண்டி கடலை எண்ணெயை விட்டு, மிதமான தீயில் மாவைப் போட்டு, தட்டையான மரக்கரண்டியால் அடியைச் சுரண்டியபடி இடைவிடாமல் கிளறுங்கள். முதலில் பச்சை மாவு வாசம் வரும்; பிறகு வறுத்த வேர்க்கடலை மணம்; அதற்குப் பிறகு நிறம் செம்பழுப்பாகி, இறுதியில் கருப்பட்டி நிறத்துக்கு வரும். ஒரு கோப்பை மாவென்றால் இதற்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும்; இந்தச் சிறிய அளவுக்கு அவ்வளவு நேரம் பிடிக்காது. ஆனால் அளவு குறைவாக இருப்பதால் கருகும் வாய்ப்பும் அதிகம், தீயைக் கூட்டாதீர்கள். கரும்புள்ளிகள் தென்பட்டால் மாவு தீய்ந்துவிட்டது என்று பொருள். அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை, ஏனெனில் அந்தக் கசப்பு முழுக் குழம்பிலும் இறங்கிவிடும். இந்தச் சூடான கலவை தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும் என்பதால், கிளறும்போது குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

நிறம் வந்த கணமே நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றையும் வாணலியில் கொட்டிவிட வேண்டும். காய்களின் ஈரம் சூட்டைத் தணித்து, மாவு மேலும் கருகாமல் காக்கும். பூண்டைச் சற்றுப் பின்னால் சேர்த்து, வெந்நீர் அல்லது சூடான எலும்புச் சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரையுங்கள். ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: மாவு எவ்வளவு கருமையாக வறுபடுகிறதோ, அவ்வளவுக்கு அதன் கெட்டிப்படுத்தும் ஆற்றல் குறையும். நாம் மாவையும் குறைத்துவிட்டதால் குழம்பு நீர்த்துத்தான் இருக்கும். அந்த இடத்தை வெண்டைக்காய் நிரப்ப வேண்டும்.

பதில் 2: பாலக்கோடு வாசகர்

மேலே எழுதிய ஐயாவின் கணக்கு சரியானது. ஆனால் மாவு இல்லாவிட்டால் கம்போ ஆகாது என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. இந்த உணவு ஒரே மக்களின் கைவண்ணம் அல்ல. இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு மொழி பேசும் அகேடியர்களை 1755 முதல் ஆங்கிலேயர்கள் நாடு கடத்தினார்கள். அவர்களில் பலர் பின்னர் லூசியானாவில் குடியேறினர், அவர்களின் வழிவந்தவர்களே கேஜன் மக்கள். எண்ணெயில் மாவை வறுக்கும் முறை பிரெஞ்சுச் சமையலிலிருந்து வந்தது. வெண்டைக்காயோ அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களோடு வந்தது. சாசஃப்ராஸ் மரத்தின் இலையை உலர்த்திப் பொடித்துக் குழம்பைக் கெட்டியாக்கும் முறையை அம்மண்ணின் பழங்குடிகளான சாக்டாவ் மக்களிடமிருந்து கற்றார்கள். ஆக, கெட்டிப்படுத்த மூன்று வழிகள் உள்ளன. அவற்றில் ஒன்றுக்குத்தான் மாவு வேண்டும். வறுத்த மாவே சேராத வெண்டைக்காய் கம்போவை அங்கே இன்றும் சமைக்கிறார்கள். நூல் பிடித்தாற்போல் மாவுச்சத்தைக் கணக்கிட்டு உண்பவர்கள் அந்த வழியில் போகலாம், அதனால் மரபு கெட்டுவிடாது.

ஆறு பேருக்கு 250 கிராம் பிஞ்சு வெண்டைக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். கழுவி, துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்குங்கள். எண்ணெய் காய்ந்ததும் போட்டு, மூடாமல், கொழகொழப்பு நூல் அறுந்து ஓரங்கள் சிவக்கும் வரை வதக்குங்கள். சிறிது வினிகர் விட்டால் நூல் விரைவில் அறும். முழுவதும் சுருண்டு வறண்டுபோகும்படி வதக்கிவிடக் கூடாது, ஏனெனில் மிச்சமிருக்கும் அந்த வழவழப்புதான் குழம்போடு கொதிக்கும்போது அதற்கு உடல் கொடுக்கிறது. மாவு இல்லாததால் குறையும் கருமையை ஈடுசெய்ய, வெங்காயத்தை நன்றாகப் பழுப்பாகும் வரை பொறுமையாக வதக்குங்கள். கோழியையும் தோலோடு சிவக்கப் பொரித்தெடுத்து, வாணலியின் அடியில் ஒட்டியதைச் சிறிது நீர் விட்டுச் சுரண்டிக் குழம்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சாசஃப்ராஸ் இலைப்பொடி அங்குள்ள கடைகளில் ஃபீலே என்ற பெயரில் கிடைக்கும். மகளிடம் ஒரு சிறு புட்டி வாங்கி வரச் சொல்லுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் அதைத் தூவ வேண்டும். கொதிக்கும் குழம்பில் போட்டால் நூல் நூலாகத் திரிந்துவிடும். வெண்டைக்காய் சேர்த்த பானையில் பெரும்பாலும் அதைச் சேர்க்க மாட்டார்கள்.

பாதாம் மாவு, தேங்காய் மாவு ஆகியவற்றை வறுத்துச் சேர்க்கும்படி பல குறிப்புகள் சொல்கின்றன. பாதாம் மாவு நிறம் தருமே தவிரக் குழம்போடு கரைந்து கூடாது. தேங்காய் மாவு நீரை உறிஞ்சிக்கொண்டு மணல்போல நாவில் தட்டுவதோடு, அதன் மணம் குழம்பை நம் ஊர்க் குழம்பாக்கிவிடுகிறது. இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில் 3: ஓசூர் வாசகி

பொருள்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஓசூரிலும் தளியிலும் பசுமைக்குடில்களில் குடைமிளகாய் விளைகிறது, காலிஃபிளவருக்கும் பஞ்சமில்லை. செலரி ஓசூரில் உள்ள பெரிய காய்கறிக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால், கொத்தமல்லியின் தடித்த தண்டுகளைப் பொடியாக நறுக்கி ஒரு கைப்பிடி சேர்த்து, அதனுடன் விரல்நுனியில் எடுக்கும் அளவு ஓமத்தைச் சேருங்கள். செலரியின் மணம் அப்படியே வராது. ஆனால் வெங்காயத்தின் இனிப்பை அடக்கும் அந்தப் பசுங்கசப்பு கிடைத்துவிடும். ஓமம் கூடினால் குழம்பு மருந்தாகிவிடும், கவனம்.

ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளி மலிந்து கிடக்கும் நாளில் இரண்டைக் கிள்ளிப் போடலாமே என்று கை நீளும். கோழியும் சாசேஜும் சேர்த்த கேஜன் கம்போவில் தக்காளி சேர்ப்பதில்லை. புளிப்பு புகுந்தால் வறுத்த மாவின் மணம் பின்வாங்கிவிடும்.

சாசேஜ் வாங்கும்போது உறையின் பின்புறத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைக் கட்டாயம் படியுங்கள். குளிர்பதனப் பெட்டிகளில் விற்கப்படும் பல வகைகளில் ஸ்டார்ச், சோயா மாவு, ரொட்டித் தூள் ஆகியவை கலந்திருக்கும். அப்படிப்பட்டதைப் போட்டால் ஒருபுறம் குறைத்த மாவுச்சத்தை மறுபுறம் நீங்களே சேர்த்ததாகிவிடும். ஆண்டூயி என்பது பன்றி இறைச்சியில் பூண்டும் மிளகும் சேர்த்து நன்றாகப் புகையூட்டியது. அது இல்லாதபோது, எலும்பில்லாத கோழித்தொடை இறைச்சியில் பூண்டு விழுது, மிளகுத்தூள், காஷ்மீரி மிளகாய்த்தூள், உப்பு சேர்த்துப் பிசறி ஒரு இரவு வைத்து, மறுநாள் வாணலியில் சிவக்க வறுத்தெடுங்கள். அந்த இறைச்சியின் நடுவே ஒரு சிறு கிண்ணத்தை வைத்து, அதில் தணலான கரித்துண்டைப் போட்டு, ஒரு சொட்டு நெய் விட்டு, புகை வெளியேறாதபடி பத்து நிமிடம் மூடி வையுங்கள். சமையலறைச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

சோற்றுக்குப் பதிலாகக் காலிஃபிளவரை வைக்கலாம். நூறு கிராமில் மாவுச்சத்து 5 கிராம், அதிலும் 2 கிராம் நார்ச்சத்து. மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் பூக்களைச் சில நிமிடம் வைத்துப் புழு பூச்சி நீக்கிய பிறகு, துணியில் பரப்பி முற்றிலும் உலரவிடுங்கள். ஈரத்தோடு துருவினால் சோறு போலல்லாமல் கூழாகிவிடும். துருவியதை மறுபடியும் துணியில் வைத்துப் பிழிந்து, அகன்ற வாணலியில் வெண்ணெய் விட்டு, மூடாமல் நான்கைந்து நிமிடம் மட்டும் வதக்குங்கள். உப்பைக் கடைசியில் சேருங்கள். முன்பே போட்டால் நீர் விடும். உண்ணும்போதுதான் குழம்பை ஊற்ற வேண்டும்.

பதில் 4: பென்னாகரம், ஓய்வுபெற்ற செவிலியர்

சமையலுக்கு அப்பாற்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கணவர் இன்சுலின் போட்டுக்கொள்பவராகவோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவராகவோ இருந்தால், மாவுச்சத்தைத் திடீரென்று வெகுவாகக் குறைக்கும்போது இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடக்கூடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை மிகக் கடுமையாகக் குறைத்தால், சர்க்கரை உயராத நிலையிலும் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடும் அபாயம் உண்டு. எவ்வளவு குறைக்கலாம் என்பதையும், மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதையும் அவருடைய மருத்துவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இரத்த அழுத்தமும் இருந்தால் உப்பைக் கவனியுங்கள். சாசேஜிலும் கடையில் விற்கும் கேஜன் மசாலாக் கலவைகளிலும் உப்பு மிகுதி. மிளகாய், மிளகு, வெள்ளை மிளகு, பூண்டுப் பொடி, உலர்ந்த தைம் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே கலந்துகொண்டால் உப்பு உங்கள் கையில் இருக்கும்.

கேள்வி கேட்டவர்: காவேரிப்பட்டணம் வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மருந்துகளைப் பற்றி நான் நினைத்தே பார்க்கவில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது பட்டியலோடு செல்கிறேன். இரண்டு மேசைக்கரண்டி மாவும் வெண்டைக்காயும் சேர்ந்த வழியில் செல்லலாம் என்று எண்ணுகிறேன். இரண்டே ஐயங்கள் எஞ்சியுள்ளன. நாட்டுக்கோழியைக் குக்கரில் வேகவைத்துச் சேர்க்கலாமா? ஒகேனக்கலில் இருந்து வரும் மீனைக் கொண்டு இதே கம்போவைச் செய்யலாமா?

பதில் 1-இன் தொடர்ச்சி: தருமபுரி, முன்னாள் கப்பல் சமையற்காரர்

நாட்டுக்கோழியைத் தாராளமாகக் குக்கரில் வேகவைக்கலாம். முதலில் எண்ணெயில் சிவக்க வறுத்து, பிறகு உப்பும் நீரும் மட்டும் சேர்த்து வேகவைத்து, அந்தச் சாற்றையே குழம்புக்கு ஊற்றுங்கள். தண்ணீர் ஊற்றுவதைவிட அது பன்மடங்கு மேல். ஆனால் வறுத்த மாவு சேர்ந்த பிறகு குக்கரை மூடக் கூடாது, அடிப்பிடித்துவிடும். திறந்த பானையில், சிறு தீயில் ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். மேலே மிதக்கும் எண்ணெயை அவ்வப்போது கரண்டியால் எடுத்துவிடுங்கள். வதக்கிய வெண்டைக்காயைப் பாதியில் சேருங்கள். வெங்காயம், குடைமிளகாய், பூண்டு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்து, நார்ச்சத்தைக் கழித்துப் பார்த்தால், குழம்பில் ஆளுக்கு ஆறேழு கிராம் மாவுச்சத்து வரும். 150 கிராம் காலிஃபிளவர் சேர்ந்தால் மொத்தம் 11 கிராம் அளவில் நிற்கும்.

காவிரி மீன் அவ்வளவு நேரக் கொதியைத் தாங்காது, கரைந்து முள்ளும் சதையுமாகப் பிரியும். இறால் என்றால் இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு போட்டு எடுக்கலாம். மீனுக்கென்றே கேஜன் சமையலில் கூபியோன் என்ற தக்காளிக் குழம்பு இருக்கிறது. ஓசூர் அம்மையார் விலக்கச் சொன்ன ராயக்கோட்டைத் தக்காளிக்கு அங்கே முழு உரிமை உண்டு. சிறிதளவு வறுத்த மாவில் வெங்காயம், குடைமிளகாய், செலரி, தக்காளி வதக்கிக் குழம்பு சுண்டிய பிறகு, தடித்த மீன் துண்டுகளை மேலே அடுக்கி, கரண்டி போடாமல், பானையை மட்டும் அசைத்துப் பத்து நிமிடத்தில் இறக்கிவிடுங்கள். தக்காளியிலும் மாவுச்சத்து உண்டு என்பதால், நான்கு பேருக்கு அரைக் கிலோவுக்கு மேல் போட வேண்டாம்.