புள்ளி வைத்த பிரசுரமும் இருபது பிஸ்கட்டும்

நெல்லைக்காரன்:
ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களோடு வேலை செய்கிற நம்மாட்கள் இங்கே கொஞ்சப் பேர் இருக்கிறீர்கள். சூதாட்டப் பாதிப்பைப் பற்றி அவர்களிடம் பேசப் போய் என்ன ஆனது என்று எழுதுங்களேன். முதலில் நான் வாங்கிக்கட்டிக்கொண்டதைச் சொல்லிவிடுகிறேன்.

நியூ சவுத் வேல்ஸின் மேற்குப் பக்கம், விராஜுரி மக்களின் மண்ணில் ஒரு சிற்றூர், அங்கே சுகாதாரப் பணியாளர் வேலை. மேலிடத்திலிருந்து ஒரு கட்டு பிரசுரம் வந்தது, பண்பாட்டுக்கு ஏற்றபடி தயாரித்தது என்று கூடவே ஒரு கடிதம். உள்ளே எல்லா ஊருக்கும் போகிற அதே பத்து வரிதான், ஓரத்தில் மட்டும் சிவப்பும் மஞ்சளுமாய்ப் புள்ளி ஓவியம். அதைக் கொண்டுபோய் ஒரு ஆன்ட்டியிடம் கொடுத்தேன் (அங்கே மூத்த பெண்களை எல்லாரும் ஆன்ட்டி என்பார்கள், ஆண்களை அங்கிள், நம் அத்தை, மாமா மாதிரிதான், மரியாதை இன்னும் கொஞ்சம் கூட). கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இந்தப் புள்ளி நடுப்பாலைவனத்துக்காரர்களுடையது மகனே, எங்கள் ஆட்கள் மரத்தில் கோடு கோடாய்ச் செதுக்குகிறவர்கள்." மதுரைக்காரனிடம் கதகளி படம் போட்ட நோட்டீஸை நீட்டி, இது உனக்காகவே அடித்தது என்று சொன்னவன் நிலைமை எனக்கு.

பிரசுரத்தை ஓரமாக வைத்துவிட்டு, நீ யார் ஆள் என்று கேட்டார். ஊர், அப்பா, அம்மா, கடைசியில் தாமிரபரணி வரை சொன்னேன். அடுத்த மூன்று சந்திப்பிலும் சூதாட்டம் என்ற பேச்சே இல்லை. டீ, உடைந்த வேலி, பேரனின் ரக்பி. யார்னிங் என்று இதற்குப் பெயர், நம் திண்ணைப் பேச்சு போல, ஆனால் அவசரப்பட்டால் அதோடு சரி. நான்காம் முறை அவரே ஆரம்பித்தார், கிளப்புக்குப் போனால் காசு எப்படிக் கரைகிறது என்று. தனக்காகக் கேட்டாரா தங்கைக்காகவா, அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மேசையில் பிஸ்கட் பாக்கெட் இருந்தது. இருபதை எண்ணி வரிசையாக வைத்தேன். கிளப்பில் காசு போட்டு ஆடுகிற சூதாட்ட எந்திரமான போக்கி மெஷின் சராசரியாகக் குறைந்தது 85 சதவீதத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது இங்கே விதி, கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் யார் ஒரு சுற்றோடு எழுந்து போகிறார்கள்? வந்ததையே மறுபடி மறுபடி உள்ளே தள்ளுவார்கள். முதல் சுற்றுக்கு மூன்றை எடுத்தேன், மீதி 17. அடுத்தது 14. அப்புறம் 12. அப்புறம் 10. நாலே சுற்றில் பாதி காலி, அதுவும் ஒரு டாலர் போட்டு முப்பது சென்ட் வந்தால்கூட ஜெயித்த மாதிரி விளக்கெரித்துப் பாட்டுப் பாடும் மெஷின். என் கையிலிருந்த பிஸ்கட்டில் ஒன்றைப் பிடுங்கி, இது கிளப்காரன் பங்கு என்று வாயில் போட்டுக்கொண்டார் ஆன்ட்டி.

டார்வின்வாசி:
வடக்கே கதை வேறு. இங்கே சீட்டாட்டம் ரொம்பப் பழசு, கடலட்டை பிடிக்க சுலவேசியிலிருந்து வந்த மக்காசர் மாலுமிகள் கொண்டுவந்தது என்று ஒரு பேச்சு உண்டு. மரத்தடியில் போர்வை விரித்து ஆடுவார்கள். ஜெயித்தவர் கையில் காசு தங்காது, அக்கா பிள்ளைக்கு, மாமன் வண்டிக்குப் பெட்ரோல் என்று இரவுக்குள் சுற்றிவிடும், கேட்டால் கொடுத்தாக வேண்டிய உறவுமுறை. இது புரியாமல் ஒரு கூட்டத்தில் சூதாட்டமே கெட்டது என்று மொட்டையாகச் சொன்னேன். எதிரே இருந்த அங்கிள் எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

பிறகு என்னோடு வேலை பார்த்த உள்ளூர்ப் பெண், மணலில் குச்சியால் இரண்டு வட்டம் போட்டார். ஒன்றில் காசு உள்ளேயே சுற்றுகிறது. இன்னொன்றிலிருந்து ஒரு கோடு கடல் பக்கம் போகிறது, மெஷினும் போன் பந்தயமும் அந்தக் கோடு. (நாட்டின் ஆன்லைன் பந்தயக் கம்பெனிகளில் பெரும்பாலானவை லைசென்ஸ் வாங்கியிருப்பது எங்கள் நார்தர்ன் டெரிட்டரியில்தான், அந்த வயிற்றெரிச்சல் தனி.) சீட்டிலும் பாதிப்பு உண்டு, விடிய விடிய ஆடிவிட்டு வேலைக்குப் போகாத காலைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வட்டத்திலிருந்து பேச ஆரம்பித்தால் அவர்களே சீட்டையும் இழுத்து வருகிறார்கள்.

வேப்பமரம்:
ஒரு ஆட்சேபம். பேச்சு "அவர்கள் ரொம்ப ஆடுவார்கள்" என்ற பக்கம் சாய்ந்துவிடக் கூடாது. காசு வைத்து ஆடாத குடும்பங்கள் எனக்கு நிறையத் தெரியும். நியூ சவுத் வேல்ஸில் ஏறத்தாழ 87,000 மெஷின், மேற்கு ஆஸ்திரேலியாவில் பெர்த் கேசினோவை விட்டால் ஒன்றுகூட இல்லை. இதில் ஆட்களின் குணம் எங்கே வந்தது? 2007-இல் நார்தர்ன் டெரிட்டரியில் இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே நிறுத்திவைத்து, பூர்வகுடி ஊர்களில் உதவித்தொகையில் பாதியை அரசே முடக்கியது. அப்புறம் முடக்கிய பணத்தைச் செலவழிக்கக் கொடுத்த பேசிக்ஸ் கார்டில் மது, சிகரெட், சூதாட்டம் எதற்கும் செலவழிக்க முடியாது. ஆடாதவருக்கும் அதே அட்டைதான். அதை நீட்டிக்கொண்டு கடை வரிசையில் நின்றவரிடம் அரசு முத்திரை போட்ட நோட்டீஸைக் கொடுத்தால் எந்தக் கண்ணால் பார்ப்பார்?

கீரிமலை:
ஷேம் பற்றி யாரும் எழுதவில்லையே. நம் மானம், வெட்கம் இரண்டும் சேர்ந்தது, ஆனால் ஒருவர் பட்டால் குடும்பம் முழுக்கப் படும். எங்கள் அலுவலகத்தில் வரவேற்பில் இருப்பவர் வருகிறவருக்கு ஒன்றுவிட்ட தங்கை. எப்படி உள்ளே வருவார்? கார் நிறுத்தத்தில் நின்று சூதாட்ட உதவி எண்ணான 1800 858 858-க்குப் போன் போட்டுப் பேசினார் ஒரு பெண், 24 மணி நேரமும் எடுப்பார்கள், பெயர் சொல்லத் தேவையில்லை. பந்தயத்திலிருந்து தன்னைத்தானே விலக்கிக்கொள்ளும் பெட்ஸ்டாப் பதிவேடு 2023 ஆகஸ்டில் வந்ததிலிருந்து அதையும் சொல்கிறோம், மூன்று மாதம் முதல் ஆயுள் முழுக்கத் தடை போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது ஆன்லைனுக்கும் போன் பந்தயத்துக்கும் மட்டும், கிளப் மெஷினுக்குத் தனியாக எழுதிக்கொடுக்க வேண்டும். இதை முதலிலேயே சொல்லாமல் ஒருவரை ஏமாந்து போக விட்டிருக்கிறேன்.

இன்னொன்று, ஓர் அங்கிளின் படத்தோடு சுவரொட்டி ஒட்டியிருந்தோம். அவர் இறந்துவிட்டார். இறந்தவரின் படத்தையும் பெயரையும் குடும்பம் சொல்லும்வரை வெளியே காட்டக் கூடாது, சாரி பிசினஸ் என்பார்கள் அந்தத் துக்கக் காலத்தை. எங்களுக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வாரம் யாரும் வரவில்லை, காரணம் கேட்கக்கூடத் தெரியாமல் இருந்தோம்.

நெல்லைக்காரன்:
கீரிமலை, அந்தச் சுவரொட்டி விஷயத்தை நாளைக்கே இங்கே சொல்கிறேன், எங்கள் சுவரிலும் ஒரு படம் இருக்கிறது. பிரசுரக் கட்டு இன்னும் அலமாரியில்தான். ஆன்ட்டி இப்போது தன் தங்கைகளுக்கு பிஸ்கட் கணக்கைக் காட்டுகிறாராம். கிரீம் வைத்தது வாங்காதே, எண்ணும்போது ஒட்டிக்கொள்கிறது என்று எனக்கு உத்தரவு.