18446744073709551615: இதைக் கையால் காரணிப்படுத்த முடியுமா?

கேட்டவர்: ஏழாம்வகுப்பு அப்பா

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, பிறகு நான்கு என்று போகும் கதையை மகளுக்குச் சொன்னேன். மொத்தம் எவ்வளவு என்று கேட்டாள். ஸ்பிரெட்ஷீட்டில் 2⁶⁴ − 1 போட்டால் 18446744073709600000 என்று வந்தது. "ரெட்டைப்படையில 1 கழிச்சா எப்படிப்பா கடைசியில சைபர் வரும்?" என்றாள். மானம் போயிற்று. உட்கார்ந்து பேப்பரில் பெருக்கித்தான் தலைப்பில் உள்ள எண்ணைப் பிடித்தேன். இப்போது அடுத்த கேள்வி: இது பகா எண்ணா? கடைசி இலக்கம் 5, ஆகவே இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் 87, ஆகவே 3-ம் போகும். அதற்கு மேல் எப்படிப் போவது?

பதில்: ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்

தம்பி, உங்கள் மகள் கெட்டிக்காரி. ஸ்பிரெட்ஷீட் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும், மிச்சத்தைச் சைபரால் நிரப்பிவிடும்.

வகுக்கவே வேண்டாம். a² − b² சூத்திரம் போதும். 2⁶⁴ − 1 என்பது (2³² + 1)(2³² − 1). இரண்டாவதை மறுபடி உடையுங்கள், அதில் வருவதையும் உடையுங்கள். கடைசியில் 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297 நிற்கும்.

முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதும் அப்படித்தான் என்று பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் அதை உடைத்தார்: 641 × 6700417. ஆக ஏழு வெவ்வேறு பகாக் காரணிகள், மொத்தம் 2⁷ = 128 வகுத்திகள்.

ஏழாம்வகுப்பு அப்பா

நன்றி சார். ஆனால் 641 எங்கிருந்து குதித்தது?

ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்

4294967297-க்குக் காரணி இருந்தால் அது 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும் என்று ஆய்லரே நிரூபித்தார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது அடியில் விழுந்துவிட்டது!

சரிபார்க்க ஓர் அழகான வழி உண்டு. 641-ஆல் வகுத்தால் வரும் மீதியை மட்டும் கவனியுங்கள். 641 = 5 × 2⁷ + 1, எனவே 5 × 2⁷-இன் மீதி −1 (முழுதாக வகுபட ஒன்று குறைகிறது என்று பொருள்). நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. அப்புறம், 641 = 625 + 16, அதாவது 5⁴ + 2⁴. ஆகவே 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ போடலாம். −2³²-இன் மீதி 1 என்று வருகிறது. அப்படியென்றால் 2³² + 1 மீதியில்லாமல் போகும். இதை வகுப்பில் போடும்போதெல்லாம் கடைசி பெஞ்சுகூட நிமிர்ந்து உட்காரும்.

பதில்: காம்பஸ்பாக்ஸ்

ஒரு சின்னச் சேர்க்கை. அந்த முதல் ஐந்தின் பெருக்கல் 4294967295. அளவுகோலும் காம்பஸும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று தெரிந்திருக்கும் ஒற்றைப்படைப் பக்க ஒழுங்குப் பல்கோணங்களில் மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள். யாரும் வரையப் போவதில்லை, பென்சில் தாங்காது.

ஏழாம்வகுப்பு அப்பா

மகளிடம் காட்டினேன். 6700417 பகா எண்தானா என்று கேட்டு, 641-க்கு அடுத்து அதே வகையில் வரும் பகா எண்ணான 769-இல் தொடங்கி வகுத்துக்கொண்டிருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை.